ஊர் செய்யும் உடம்பு

உடம்பைப் பேணுவது பற்றி நம்மிடையே உபதேசத்துக்குப் பஞ்சமே இல்லை. விடியற்காலையில் எழுந்திரு, இரண்டு மைல் நட, தண்டால் எடு, எண்ணெயைக் குறை, இரவில் சீக்கிரம் படு என்று டாக்டர்களும் பெரியவர்களும் பத்திரிகைகளும் சொல்லாத நாள் கிடையாது. கேட்கிறவர்களும் பக்தியோடுதான் கேட்டுக்கொள்கிறார்கள். ஜனவரி முதல் தேதியன்று கான்வாஸ் ஜோடு வாங்குகிறார்கள். மாசி பிறப்பதற்குள் அந்த ஜோடு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. இதற்கு மனித மனத்தின் பலவீனம் என்று பெயர் சூட்டிவிட்டு நாம் அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறோம்.

பலவீனம் மனத்தில்தான் இருக்கிறதா, தெருவிலும் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு மனிதனுடைய தேகத்தை அவன் வைராக்கியம் எவ்வளவு தூரம் உருவாக்குகிறது, அவன் குடியிருக்கும் ஊர் எவ்வளவு தூரம் உருவாக்குகிறது? நான் வைத்தியன் அல்ல, கதை எழுதுகிறவன். ஆனால் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் இந்தக் கேள்விக்குச் சுவையான விடை கிடைக்கிறது. அந்த விடை லண்டனில் ஒரு பஸ்ஸின் மாடிப்படியில் தொடங்குகிறது.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயம், இங்கிலாந்தில் மாரடைப்பால் இறப்பவர்களின் தொகை ஏறிக்கொண்டே போயிற்று. காரணம் யாருக்கும் விளங்கவில்லை. ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர், ஆஸ்பத்திரிக்குள் தேடுவதை விட்டுவிட்டு, ஜனங்கள் பார்க்கும் வேலையில் தேடினார். லண்டன் மாடி பஸ்களில் டிரைவரும் கண்டக்டரும் ஒரே வண்டியில், ஒரே நேரத்தில், ஒரே புகையைச் சுவாசித்துக்கொண்டு பிழைக்கிறவர்கள். ஒரே தெருவில் குடியிருப்பவர்கள், ஏறக்குறைய ஒரே சம்பளம் வாங்குபவர்கள். வித்தியாசம் ஒன்றுதான். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குகிறார்.

சுமார் 31,000 தொழிலாளர்களின் கணக்கை எடுத்துப் பார்த்து, 1953-ல் மாரிஸும் அவருடைய சகாக்களும் முடிவை வெளியிட்டார்கள். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தாலும் வயது முதிர்ந்த பிறகு வந்தது. வந்தவுடன் ஆளைத் தூக்கிக்கொண்டு போவதும் குறைவு. நடந்து போய்த் தபால் கொடுக்கிறவர்களையும், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டபோதும் அதே கதைதான்.

சந்தேகப் பிராணிகள் சும்மா இருப்பார்களா? "பருத்த ஆசாமிகள்தான் டிரைவர் வேலைக்குப் போகிறார்களோ, என்னவோ!" என்றார்கள். நியாயமான சந்தேகந்தான். மாரிஸ் உடனே தையற்காரர் கணக்கைப் பார்க்கப் போனார். கம்பெனி தைத்துக் கொடுத்த கால்சராய்களின் இடுப்பு அளவு அதில் இருந்தது. டிரைவர்களின் இடுப்பு வேலையில் சேரும்போதே கொஞ்சம் பெரிசுதான் என்று தெரிந்தது. அதை அவர் மறைக்காமல் 1956-ல் எழுதினார். ஆனால் பிறகு ஒல்லியான டிரைவரையும் ஒல்லியான கண்டக்டரையும், பருத்த டிரைவரையும் பருத்த கண்டக்டரையும் ஜோடி சேர்த்துப் பார்த்தபோதும், கண்டக்டரின் இருதயமே ஜெயித்தது. மாரிஸ் 99 வயது வரையில் வாழ்ந்து 2009-ல் காலமானார்.

இந்த ஆராய்ச்சியில் என் மனத்தைக் கவர்ந்த விஷயம் வேறு. அந்தக் கண்டக்டர்களில் ஒருவர்கூட தேகப் பயிற்சி செய்யவேண்டும் என்று படி ஏறவில்லை. "இன்றைக்கு அலுப்பாக இருக்கிறது, நாளைக்கு ஏறிக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போடவும் அவர்களால் முடியாது. மாடியில் உட்கார்ந்திருக்கும் பிரயாணி டிக்கெட் வாங்கியாகவேண்டும் அல்லவா? வைராக்கியம் செய்யவேண்டிய வேலையை மாடிப்படி செய்தது.

அப்படியானால், ஒரு நகரம் முழுவதுமே அந்த மாடிப்படியைப் போல அமைந்துவிட்டால் என்ன ஆகும்?

*

அத்தகைய நகரம் ஒன்று இருக்கிறது. ஹாலந்து தேசத்தின் ஆம்ஸ்டர்டாம்தான் அது.

ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்வந்தவர்கள் முதலில் சொல்வது அங்கே உள்ள கால்வாய்களைப் பற்றி. இரண்டாவதாகச் சொல்வது, சைக்கிள் வந்து மோதாமல் தப்பிய கதை. ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழும் அந்த நகரத்தில் சைக்கிள் ஓட்டாதவரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். கோட்டும் டையுமாக வக்கீல் போகிறார். முன்னால் மரப்பெட்டி வைத்த வண்டியில் இரண்டு குழந்தைகளை உட்காரவைத்துத் தாய் மிதிக்கிறாள். எழுபது வயதுப் பாட்டி காய்கறிப் பையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவிலிருந்து திரும்புகிறாள். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் 1 கோடியே 80 லட்சம் மனிதர்களுக்குச் சுமார் 2 கோடியே 30 லட்சம் சைக்கிள்கள்! கால்வாய்களில் விழுந்து கிடக்கும் சைக்கிள்களைத் தூக்கி எடுப்பதற்கென்றே இரும்புக் கொடுக்கு வைத்த படகு ஒன்று ஆம்ஸ்டர்டாமில் ஓடுகிறது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்கள்.

அந்தப் பாட்டியை நிறுத்தி, "தினமும் தேகப் பயிற்சி செய்கிறீர்களா, அம்மா?" என்று கேட்டால், "அதற்கெல்லாம் ஏது நேரம்? கடைக்கல்லவா போய்விட்டு வருகிறேன்!" என்றுதான் பதில் வரும்.

கணக்குப் புலிகள் இதையும் கணக்கிட்டிருக்கிறார்கள். 2015-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, டச்சுக்காரர் சராசரியாக வாரத்துக்கு 75 நிமிஷம் சைக்கிள் மிதிக்கிறார். அதனால் ஆண்டுக்குச் சுமார் 6,500 மரணங்கள் தவிர்க்கப்படுகின்றன. ஜனங்களின் ஆயுள் சராசரியாக அரை வருஷம் நீளுகிறது. அரை வருஷந்தானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். மாத்திரை இல்லை, சந்தா இல்லை, வைராக்கியம் இல்லை. ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வந்ததற்குக் கிடைத்த இனாம் அது.

"ஹாலந்து தட்டையான தேசம். மேடு பள்ளம் கிடையாது. அந்த ஜனங்களும் பரம்பரையாகவே சைக்கிள் பைத்தியங்கள். அவர்களுக்கு இது சுலபம்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. பாதி உண்மை. தேசம் தட்டைதான், ஆனாலும் வட கடலிலிருந்து வீசும் எதிர்க்காற்று ஒரு சிறிய மலைக்குச் சமானம். பரம்பரை விஷயத்தைத்தான் சரித்திரம் ஒப்புக்கொள்ள மறுக்கிறது. ஆம்ஸ்டர்டாம் தன் சைக்கிளை ஒரு முறை பறிகொடுத்தது. இன்னொரு முறை தானே தூக்கி எறிய இருந்தது.

*

பறிகொடுத்தது யுத்த காலத்தில். 1940-ல் ஜெர்மானியப் படை ஹாலந்துக்குள் நுழைந்தது. 1942 ஜூன் மாதத்தில் யூதர்கள் எல்லோரும் தங்கள் சைக்கிள்களை ஒப்படைத்துவிடவேண்டும் என்று உத்தரவு பிறந்தது. ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்து வாழ்ந்த ஆன் ஃபிராங்க் என்ற சிறுமியின் நாட்குறிப்பை நம்மில் பலர் படித்திருக்கிறோம். யூதர்களுக்கு விதிக்கப்பட்ட தடைகளை அவள் வரிசையாக எழுதிக்கொண்டு போகும் இடத்தில் இந்தச் சைக்கிள் உத்தரவும் வருகிறது. ஒரு மனிதனைச் சிறை வைக்க விரும்புகிறவன் முதலில் அவன் காலைக் கட்டுகிறான். நாளடைவில் மற்ற டச்சுக்காரர்களின் சைக்கிள்களையும் படை அள்ளிக்கொண்டு போயிற்று. 1944-45 குளிர்காலத்தில் பஞ்சம் வந்தபோது, மிஞ்சியிருந்த வண்டிகளில் ரப்பர் டயர்கூட இல்லாமல், பெண்கள் கிராமம் கிராமமாகப் போய் உருளைக்கிழங்குக்குக் கையேந்தினார்கள்.

எதிரி பறித்த பொருளுக்கு மதிப்பு உண்டு. செல்வம் வந்து பறிக்கும்போதுதான் நமக்குத் தெரிவதில்லை. யுத்தம் முடிந்து, கையில் நாலு காசு சேர்ந்ததும், டச்சுக்காரர்கள் மோட்டார் வாங்கத் தொடங்கினார்கள். அதில் தவறென்ன? மழைக்கு நனையவேண்டாம், காற்றோடு மல்லுக்கட்டவேண்டாம். ஆனால் பதினேழாம் நூற்றாண்டில் படகுக்கும் கால்நடைக்கும் கட்டிய நகரத்தில் அத்தனை மோட்டார்களையும் எங்கே நிறுத்துவது? 1954-ல் காஸ்யாகர் என்ற போலீஸ் அதிகாரி ஒரு யோசனை சொன்னார். கால்வாய்களில் பலவற்றைத் தூர்த்துச் சாலையாக்கிவிடலாம் என்பது அந்த யோசனை! ஊரே கொதித்தெழுந்தது, யோசனை கைவிடப்பட்டது. 1967-ல் ஜோக்கினென் என்ற அமெரிக்க இன்ஜினீயர் இன்னும் பெரிய திட்டத்தோடு வந்தார். ஒரு பெரிய கால்வாயை மூடி அகன்ற மோட்டார் சாலை போடவேண்டும்; தொழிலாளர்கள் நெருக்கிக்கொண்டு வாழ்ந்த பழைய பேட்டைகளை இடித்து வழி உண்டாக்கவேண்டும்.

இவர்களைத் துஷ்டர்கள் என்று நினைக்கக் கூடாது. அக்காலத்தில் உலகம் முழுவதும் கெட்டிக்காரர்கள் எல்லோருமே இப்படித்தான் நினைத்தார்கள். சைக்கிள் தரித்திரத்தின் அடையாளம், மோட்டார் முன்னேற்றத்தின் அடையாளம் என்பது பொது அபிப்பிராயம். ஒரு காலத்தில் ஆம்ஸ்டர்டாம் தெருக்களில் மோட்டாரைச் சிறுபான்மையாக வைத்திருந்த சைக்கிள், 1970-ஐ ஒட்டித் தானே சிறுபான்மையாகிவிட்டது. அந்தப் போக்கு அப்படியே தொடர்ந்திருந்தால், நம் பாட்டி இன்றைக்கு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு மகன் காரில் வந்து கடைக்கு அழைத்துப் போவானா என்று வழி பார்த்துக்கொண்டிருப்பாள்.

இதற்கிடையில் 1965-ல், புரோவோ என்ற வாலிபர் கூட்டம் ஒரு வேடிக்கை செய்தது. சில சைக்கிள்களுக்கு வெள்ளை வர்ணம் அடித்து, பூட்டாமல் தெருவில் விட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். போகவேண்டிய இடத்தில் விட்டுவிடலாம். போலீஸார் வந்து வண்டிகளைப் பறிமுதல் செய்தார்கள். சைக்கிளைப் பூட்டாமல் வைப்பது சட்டப்படி குற்றமாம்! அந்த யோசனைக்குச் சொந்தக்காரரான லூட் ஸ்கிமல்பெனிங்க் பிறகு நகரசபை அங்கத்தினராகக்கூட ஆனார். ஊர் சிரித்தது, ஆனால் ஊர் மாறவில்லை. வேடிக்கையால் மாறாத ஊரைத் துக்கம் மாற்றியது.

*

1971-ஆம் ஆண்டில் அந்தச் சிறிய தேசத்தில் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் நானூறு பேருக்கு மேல் குழந்தைகள்.

இறந்த குழந்தைகளில் ஒன்று ஃபிக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளருடைய மகள். எழுதுகிறவனுக்குத் துக்கம் வந்தால் அவன் என்ன செய்வான்? எழுதுவான். 1972-ல் 'டெ டைட்' என்ற பத்திரிகையில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு அவர் இட்ட தலைப்பு: "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்."

தலைப்பைக் கவனியுங்கள். விபத்து என்று அவர் எழுதவில்லை. கொலை என்று எழுதினார். விபத்து என்ற சொல்லுக்கு எழுவாய் கிடையாது. அது மழையைப் போலத் தானே வருகிறது, தானே போகிறது. நாம் தலையில் கை வைத்துக்கொண்டு விதி என்கிறோம். கொலை என்றால் செய்தவர் யார் என்ற கேள்வி உடனே பிறக்கிறது. மோட்டார் ஓட்டியவரா? இவ்வளவு அகலமாகச் சாலை போட்டு, இவ்வளவு வேகத்துக்கு இடம் கொடுத்தவரா? வாய் மூடிப் பார்த்துக்கொண்டிருந்த நாமா? ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு சொல்லைப் போட்டதனால் ஒரு தேசத்தின் தெருக்கள் மாறின என்று சொன்னால், எழுத்துத் தொழிலில் இருப்பவன் பெருமையடித்துக்கொள்கிறான் என்று நினைப்பீர்கள். ஆனால் நடந்தது அதுதான்.

அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. அதன் முதல் தலைவி மார்ட்யே வான் புட்டன் என்ற இளம் பெண். பின்னாளில் ஐரோப்பிய பார்லிமெண்டில் அங்கத்தினரானவர். இயக்கத்தார் குழந்தைகள் அடிபட்ட முனைகளில் கூட்டமாகப் போய் நின்று வழியை மறித்தார்கள். தெருவை ஒரு நாளைக்கு மூடி, நடுவில் மேஜை போட்டு, அக்கம்பக்கத்தார் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். பிரதம மந்திரி யோப் டென் அய்லின் வீட்டு வாசலுக்குச் சைக்கிளில் போய்ப் பாட்டுப் பாடினார்கள். அவரும் வெளியே வந்து கேட்டார். நாளடைவில் சர்க்காரே அந்த இயக்கத்துக்குப் பண உதவியும் செய்தது.

ஜோக்கினென் திட்டத்தில் அடிபட இருந்த பேட்டைகளில் ஒன்று டெ பைப். அங்கே ஒண்டுக்குடித்தன வீடுகளில் நெருக்கமாக வாழ்ந்த குழந்தைகளுக்கு விளையாட இடமில்லை. இருந்த தெருவையும் நிறுத்திவைத்த கார்கள் அடைத்துக்கொண்டன. 1972-ல் அந்தக் குழந்தைகள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். தெருவைத் தாங்களே தடுத்து அடைத்தார்கள். காரில் வந்தவர்கள் சண்டைக்கு நின்றார்கள். டெலிவிஷன்காரர்கள் அந்தக் காட்சியைப் படம் பிடித்தார்கள். பேட்டை இடிக்கப்படவில்லை, இன்றைக்கு ஆம்ஸ்டர்டாமில் ஆசைப்பட்டுக் குடியேறுகிற இடங்களில் அதுவும் ஒன்று.

*

குழந்தைகளுக்குத் துணையாக அரபு தேசத்து எண்ணெயும் வந்து சேர்ந்தது. 1973 அக்டோபரில் யுத்தம் மூண்டபோது, இஸ்ரேலை ஆதரித்ததற்காக ஹாலந்துக்கு எண்ணெய் கிடையாது என்று அரபு நாடுகள் கைவிரித்தன. நவம்பர் 4-ந் தேதி முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் ஓட்டக் கூடாது என்று சர்க்கார் உத்தரவிட்டது. 1974 ஜனவரித் தொடக்கம் வரையில் இது நீடித்தது. அகன்ற நெடுஞ்சாலைகளில் ஜனங்கள் நடந்தார்கள், சக்கர ஜோடு மாட்டிக்கொண்டு சறுக்கினார்கள், குதிரைகூட ஏறிப் போனார்கள். தங்கள் ஊரின் சத்தம் எப்படி இருக்கும் என்பதையே வெகு நாளுக்குப் பிறகு கேட்டார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சூயஸ் நெருக்கடியின்போது, 1956-லும் ஹாலந்தில் இதே மாதிரி மோட்டார் இல்லாத ஞாயிறுகள் இருந்தன. அப்பொழுதும் தெரு காலியாகத்தான் கிடந்தது. நெருக்கடி தீர்ந்ததும் எல்லோரும் மோட்டாருக்குத் திரும்பினார்கள், ஒன்றும் மாறவில்லை. 1973-ல் மட்டும் ஏன் மாறியது? கஷ்டம் கதவைத் திறந்துவிடும். உள்ளே நுழையத் தயாராக யாராவது வாசலில் நிற்கவேண்டும். 1956-ல் யாரும் நிற்கவில்லை. 1973-ல் நானூறு குழந்தைகளின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் நின்றார்கள்.

பிறகு நடந்தவை எல்லாம் ஒரே நாளில் நடந்தவை அல்ல. சண்டை இல்லாமல் நடந்தவையும் அல்ல. 1975-ல் நியூமார்க்ட் பேட்டையில் சுரங்க ரயிலுக்காக வீடுகளை இடித்தபோது, குடியிருந்தவர்களுக்கும் போலீஸாருக்கும் பெரிய கைகலப்பு மூண்டது. ரயில் வந்தது, ஆனால் அதன்மேல் போடுவதாக இருந்த அகன்ற மோட்டார் சாலை வரவில்லை. பழைய தெருவின் கோட்டிலேயே புதிய வீடுகளைக் கட்டினார்கள். அதே ஆண்டில் சைக்கிள்காரர் சங்கம் பிறந்தது. தி ஹேக், டில்பர்க் ஆகிய நகரங்களில் சர்க்கார் செலவில் மாதிரிச் சைக்கிள் பாதைகள் போட்டபோது, வியாபாரம் கெட்டுவிடும் என்று கடைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். 1976-ல் குடியிருப்புத் தெருக்களில் சிலவற்றை முற்றம் போல நடத்தலாம், அங்கே மோட்டார் நடை வேகத்தில்தான் போகவேண்டும் என்று சட்டம் வந்தது. ஆயிரக்கணக்கான பேர் சைக்கிள் ஊர்வலம் நடத்தினார்கள். 1978 தேர்தலுக்குப் பிறகு ஆம்ஸ்டர்டாம் நகரசபையும் இந்தக் கட்சிக்கு வந்துவிட்டது.

ஒருமுறை ஜெயித்துவிட்டோம் என்று அந்த ஜனங்கள் தூங்கிவிடவும் இல்லை. ஆம்ஸ்டர்டாமின் புகழ்பெற்ற ரைக்ஸ் மியூசியத்தின் கட்டடத்துக்கு நடுவே ஒரு பாதை செல்லுகிறது. ரெம்பிராண்டின் ஓவியங்களுக்குக் கீழே சைக்கிள்கள் போய்வருகிற விசித்திரமான பாதை அது. 2003-ல் தொடங்கிய பெரிய மராமத்தின்போது, அந்தப் பாதையைக் குறுக்கி மியூசியத்துக்கு வாசலாக்க ஸ்பெயின் தேசத்துச் சிற்பிகள் அழகான திட்டம் தயாரித்தார்கள். சைக்கிள்காரர் சங்கம் விடவில்லை. வருஷக் கணக்கில் வழக்காடினார்கள். 2013-ல் மியூசியம் திறந்தபோது சைக்கிள் பாதையும் திறந்தது. உலகமே கொண்டாடும் ஓவியங்களாக இருக்கலாம். அதற்காகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை சுற்றிக்கொண்டு போகமுடியுமா என்பது அவர்கள் கேள்வி! 2023 டிசம்பரில் நகரத்தின் பெரும்பாலான தெருக்களில் மோட்டார் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டராகக் குறைத்துவிட்டார்கள். ஆரம்பப் பள்ளிப் படிப்பை முடிக்கும் சமயத்தில் குழந்தைகளுக்குச் சைக்கிள் பரீட்சைகூட உண்டு.

பலன்? 1971-ல் நானூறைத் தாண்டிய குழந்தைகளின் சாவு, 2010-ல் 14 ஆகக் குறைந்தது. பதினாலும் அதிகந்தான். அந்தப் பதினாலு வீடுகளில் கேட்டால் தெரியும்.

ஆம்ஸ்டர்டாமைச் சொர்க்கலோகமாகச் சித்தரிப்பது என் நோக்கம் அல்ல. அங்கேயும் சைக்கிள் திருடர்கள் மலிந்திருக்கிறார்கள். நடைபாதையை அடைத்துச் சைக்கிளை நிறுத்துகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். மின்சார சைக்கிள் வந்த பிறகு, அதன் வேகம் தாங்காமல் விழுந்து அடிபடும் முதியவர்கள் அந்த நாட்டுக்குப் புதிய கவலை. எந்த ஊரும் தன் வழக்கை ஒரேயடியாகத் தீர்த்துக்கொண்டுவிடுவதில்லை.

ஆனாலும் இந்தச் சரித்திரத்தில் ஓர் உண்மை பளிச்சென்று தெரிகிறது. ஊர்வலம் போனவர்களும், தெருவில் மேஜை போட்டவர்களும், போலீஸாரோடு மல்லுக்கு நின்றவர்களும் ஆரோக்கியத்தைத் தேடிப் போகவில்லை. இடுப்பு இளைக்கவேண்டும், இருதயம் பலப்படவேண்டும் என்று யாரும் கோஷம் போடவில்லை. குழந்தை உயிரோடு வீடு திரும்பவேண்டும் என்று கேட்டார்கள். குழந்தை போகலாம் என்ற நிலைமை தெருவுக்கு வந்ததும், தாயும் போனாள், தகப்பனும் போனான், பாட்டியும் போனாள். போய்க்கொண்டே இருந்ததில் உடம்பு தானே உரம் பெற்றது. அசலைக் கேட்டுப் போராடினார்கள். வட்டியும் சேர்ந்து வந்தது.

லண்டன் கண்டக்டருக்கும் ஆம்ஸ்டர்டாம் பாட்டிக்கும் ஒரே வைத்தியந்தான். அவரவர் வேலைக்குப் போகும் வழியிலேயே அந்த வைத்தியம் இருந்தது. வழியில் இல்லாத வைத்தியத்தை வைராக்கியத்தால் தேடிக்கொள்கிறவர்களும் உண்டு, அவர்களை வணங்குகிறேன். ஆனால் அவர்கள் எந்த ஊரிலும் நூற்றுக்குப் பத்துப் பேர் தேறினால் அதிகம். மற்றத் தொண்ணூறு பேருடைய தேகம் தெருவின் கையில் இருக்கிறது.

ஆகவே, ஒரு நகரத்தின் ஆரோக்கியத்தை அறிய விரும்புகிறவர்கள் அங்கே எத்தனை ஆஸ்பத்திரிகள், எத்தனை பயிற்சிக் கூடங்கள் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. காலை எட்டரை மணிக்குத் தெருமுனையில் போய் நிற்கட்டும். பத்து வயதுப் பிள்ளை, யார் கையையும் பிடிக்காமல், தன் பாட்டுக்குச் சீட்டியடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறதா என்று பார்க்கட்டும். போகிறது என்றால் அந்த ஊர் நன்றாக இருக்கிறது.